கோலம், கொடி, சுவர்: வீட்டு வாசலைப் பார்த்தால் ஓட்டு தெரியுமா?

தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் உங்கள் தெருவுக்குள் நுழையும்போது கவனித்திருக்கிறீர்களா? கையில் வாக்காளர் பட்டியல் இருக்கும். ஆனால், கண் பட்டியலில் இருக்காது, வாசலில் இருக்கும். கேட்டைத் திறப்பதற்கு முன்பே, முன்னால் போகிற உள்ளூர்க்காரர் ஒருவர் மெதுவாகச் சொல்லிவிடுவார்: "இது நம்ம வீடு." அடுத்த வீட்டுக்கு, "இங்க தேறாது, நோட்டீஸ் மட்டும் குடுத்துட்டு வாங்க." அதற்கடுத்த வீட்டுக்கு, "இது கொஞ்சம் டவுட்டு."

எதை வைத்துச் சொல்கிறார்? பாதி பழக்கம். மீதி, வாசலில் கண்ணில் படுகிற சங்கதிகள். கொடியில் காயும் கரை வேட்டி, முன்சுவரில் பழைய சின்னம், திண்ணைக்கு மேலே மாட்டிய தலைவர் படம், நிலைப்படியில் சாமி படம், தெருவில் நிற்கும் வண்டியின் ஸ்டிக்கர்.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரியாக இருக்கும்? நம் வீட்டு வாசல் நம் அரசியலை உண்மையிலேயே காட்டிக்கொடுக்கிறதா? அப்படிக் காட்டிக்கொடுத்தால் நமக்கு அதில் நஷ்டம் உண்டா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாசலில் இருப்பதெல்லாம் நாம் வைத்ததா?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வாசலில் இருக்கும் அடையாளங்கள் மூன்று வகை.

முதல் வகை, வீட்டுக்காரர் தானே விரும்பி வைத்தது. கட்சிக்கொடி, தலைவர் படம், கறுப்புக்கொடி போன்றவை. இதில் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

இரண்டாவது வகை, பழக்கத்தால் வந்தது. வெள்ளிக்கிழமை போடும் தாமரைக் கோலம் மகாலட்சுமிக்காகப் போடுவது. பா.ஜ.க.வின் சின்னம் தாமரை என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பொங்கலன்று வாசலில் வரையும் சூரியன் உதயசூரியனாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்தக் குழப்பம் வீட்டு வாசலோடு நிற்பதில்லை. 2013இல் சென்னையில் சிற்றுந்துகள் ஓடத் தொடங்கியபோது, அவற்றின் பக்கவாட்டில் வரைந்திருந்த பச்சை இலைகள் வெறும் இலைகளா, இரட்டை இலையா என்று பெரிய சண்டையே நடந்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அரசு பஸ்ஸில் இருந்த இலைக்கே இந்தக் கதி என்றால், பூக்கோலத்தைப் பார்த்து ஓட்டைக் கணிப்பது எவ்வளவு ஆபத்து!

மூன்றாவது வகைதான் சிக்கலானது. வேறு யாரோ வந்து வைத்துவிட்டுப் போனது. கேட்டில் ஒட்டிய ஸ்டிக்கர், காம்பவுண்டுச் சுவரில் எழுதிய சின்னம், அரசு வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீட்டின் முகப்பில் பதித்த பலகை. இவை பேசுகின்றன, ஆனால், பேசுவது அந்த வீட்டுக்காரர் அல்ல.

இந்த மூன்றாவது வகை பற்றிப் பக்கத்து மாநிலத்தில் ஒரு மோதலே நடந்திருக்கிறது. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நிதி சேர்ந்து கட்டப்படும் வீடுகளில் அந்தத் திட்டத்தின் முத்திரையை வைக்க வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. கேரள அரசு மறுத்தது. அரசு உதவியில் கட்டிய வீடு என்று முகப்பில் எழுதி வைப்பது, அங்கே குடியிருப்பவரின் மரியாதையைக் குறைக்கும் என்பது அதன் வாதம். யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். முகப்பில் இருக்கும் பலகை அந்தக் குடும்பத்தைப் பற்றித் தெருவுக்கு ஏதோ சொல்கிறது என்பதை இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டுதான் சண்டை போட்டன.

கோலம் எப்போது அரசியல் ஆனது?

2019 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி மாதம். சென்னை பெசன்ட் நகரில் சிலர் தெருவில் கோலம் போட்டார்கள். புள்ளிகளுக்கு நடுவே, குடியுரிமைத் திருத்தச் சட்டமும் தேசியக் குடிமக்கள் பதிவேடும் வேண்டாம் என்று எழுதினார்கள். போலீஸ் வந்து அவர்களைப் பிடித்துச் சென்றது; பிறகு விடுவித்தது.

அதுவரை அந்தக் கோலத்தைப் பார்த்தவர்கள் ஒரு தெருவில் இருந்தவர்கள்தான். மறுநாளிலிருந்து நாடு முழுக்கப் பார்த்தது. கோபாலபுரத்தில் மு.கருணாநிதியின் வீட்டு வாசலிலும், மு.க.ஸ்டாலின் வீட்டு வாசலிலும், கனிமொழி வீட்டு வாசலிலும் அதே வாசகங்களோடு கோலங்கள் வந்தன. பிறகு பல ஊர்களில் சாதாரண வீடுகளின் முன்னாலும் வந்தன.

கோலத்துக்கு ஏன் இந்த வலிமை? காரணம் எளிது. கூட்டம் கூட அனுமதி வாங்க வேண்டும், மேடை போட அனுமதி வாங்க வேண்டும். தன் வாசலில் கோலம் போட எந்தப் பெண்ணும் இதுவரை யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. தினமும் காலையில் நடக்கிற வேலை அது. அந்த வேலைக்குள்ளேயே ஒரு கருத்தையும் வைத்தபோது, அதைத் தடுக்கப் போனவர்களுக்குத்தான் சங்கடம்.

இதற்கு நேர்மாறான கோலமும் உண்டு. 2020 நவம்பரில் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் வீடுகளின் முன்னால் கமலா ஹாரிஸை வாழ்த்திக் கோலம் போட்டிருந்தார்கள். அவருடைய தாய்வழித் தாத்தா பி.வி.கோபாலனின் பூர்வீக ஊர் அது. அந்தக் கோலம் போட்டவர்களை அமெரிக்க ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் என்று சொல்ல முடியுமா? அங்கே அவர்களுக்கு ஓட்டும் இல்லை. அது 'நம்ம ஊர்ப் பொண்ணு' என்கிற பெருமை, அவ்வளவுதான். ஆக, ஒரு அரசியல்வாதியின் பெயரே வாசலில் எழுதியிருந்தாலும் அதை அரசியல் சார்பு என்று எடுத்துக்கொள்ள முடியாத இடமும் இருக்கிறது.

கறுப்புக்கொடியும் அகல்விளக்கும்

வீட்டின் முன்பக்கத்தை அரசியல் மேடையாக்குவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1965இல் இந்தி ஆட்சிமொழி ஆவதை எதிர்த்து, ஜனவரி 26ஆம் தேதியைத் துக்க நாளாக அனுசரிக்கும்படி தி.மு.க. அறிவித்தது. அந்தக் காலத்திலிருந்தே கறுப்புக்கொடி இங்கே பரிச்சயமான மொழி. 2018 ஏப்ரலில் காவிரி மேலாண்மை வாரியம் அமைக்காததைக் கண்டித்து, பிரதமர் வந்த நாளில் வீடுகளில் கறுப்புக்கொடி ஏற்றினார்கள். கருணாநிதியின் கோபாலபுரம் வீட்டிலும் ஏறியது. 2020 மே 7 அன்று ஊரடங்குக்கு நடுவே டாஸ்மாக் கடைகளைத் திறந்ததை எதிர்த்து, தி.மு.க. கூட்டணிக் கட்சியினர் கறுப்புச் சின்னம் அணிந்து அவரவர் வீட்டு வாசலிலேயே நின்றார்கள். வெளியே போக முடியாத காலத்தில் வாசல்தான் கடைசி எல்லை.

அதே ஆண்டில் வேறு அழைப்புகளும் வந்தன. மார்ச் 22 மாலை, வாசலிலோ மாடியிலோ நின்று கை தட்டச் சொன்னார் பிரதமர். ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கேற்றச் சொன்னார். 2022 ஆகஸ்ட் 13 முதல் 15 வரை வீடுதோறும் தேசியக்கொடி ஏற்றச் சொன்னார்கள். அதற்கு வசதியாக, பாலியஸ்டர் துணியிலும் இயந்திரத்திலும் கொடி செய்யலாம், இரவிலும் பறக்கவிடலாம் என்று கொடி விதிகளையும் மாற்றியிருந்தார்கள்.

இந்த மூன்றிலும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. செய்தவர்கள் மட்டுமல்ல, செய்யாதவர்களும் தெருவுக்குத் தெரிந்தார்கள். பக்கத்து வீட்டு வாசலில் விளக்கு எரிகிறது, நம் வீட்டில் இல்லை என்றால் அதுவும் ஒரு பதிலாகப் படிக்கப்பட்டது. ஆனால், விளக்கேற்றியவர்களில் நோயைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு, டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் நன்றி சொல்ல நினைத்தவர்கள் உண்டு, 'எல்லாரும் ஏத்துறாங்க, நாமளும் ஏத்துவோம்' என்றவர்கள் உண்டு. ஏற்றாதவர்களில் எதிர்த்தவர்கள் உண்டு, தூங்கிப் போனவர்களும் உண்டு. வாசலில் தெரிவது விளக்கு மட்டும்தான். காரணம் வீட்டுக்குள் இருக்கிறது.

சுவர் யாருடையது?

கட்சிகளின் சுவர் கணக்கு தனி. தேர்தல் வருவதற்கு நெடுநாள் முன்பே ஒரு வாளி சுண்ணாம்போடு வந்து, நல்ல சுவராகப் பார்த்து வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சியின் பெயரையும் வருடத்தையும் எழுதி 'ரிசர்வ்' செய்துவிட்டுப் போவார்கள். சில வீட்டுக்காரர்களைக் கேட்பார்கள். சிலரைக் கேட்கமாட்டார்கள். சிலர், 'காசில்லாம வெள்ளையடிச்ச மாதிரி ஆச்சு' என்று விட்டுவிடுவார்கள். சிலருக்கு வேண்டாம் என்று சொல்லப் பயம். நாளைக்கு ஒரு சான்றிதழுக்கோ, குடிநீர் இணைப்புக்கோ அதே ஆளிடம்தானே போய் நிற்க வேண்டும்?

அதனால்தான் சுவரில் இருக்கும் சின்னம், அந்த வீட்டின் சார்பைக் காட்டுவதைவிட, அந்தத் தெருவில் யாருக்குச் செல்வாக்கு என்பதைத்தான் அதிகம் காட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் திறந்தவெளி இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959லேயே வந்துவிட்டது. தேர்தல் நடத்தை விதிகளும் தெளிவாக இருக்கின்றன: தனிநபரின் நிலத்திலோ, கட்டடத்திலோ, காம்பவுண்டுச் சுவரிலோ அவர் அனுமதியில்லாமல் கொடிக்கம்பம் நடுவது, பேனர் கட்டுவது, நோட்டீஸ் ஒட்டுவது, வாசகம் எழுதுவது எதையும் செய்யக்கூடாது. உள்ளூர்ச் சட்டம் சுவர் எழுத்தைத் தடை செய்திருந்தால், வீட்டுக்காரர் சம்மதித்தாலும் எழுத முடியாது.

கொடிக்கம்பங்கள் விஷயத்திலும் மாற்றம் வந்தது. 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பொது இடங்களில் இருக்கும் கட்சி, சாதி, மத அமைப்புகளின் கொடிக்கம்பங்களை 12 வாரத்துக்குள் அகற்றும்படி உத்தரவிட்டது. வேண்டுமானால் அவரவர் பட்டா நிலத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றது. இதை எதிர்த்து மேல்முறையீடுகளும் நடந்தன. ஆனால், யோசித்துப் பாருங்கள்: தெருமுனைக் கொடிக்கம்பம் ஒரு வீட்டு வாசலுக்கு வந்தால், அதுவரை ஊருக்குப் பொதுவாக இருந்த அடையாளம் ஒரு குடும்பத்தின் அடையாளம் ஆகிவிடும்.

அமெரிக்காவில் அளந்தே பார்த்தார்கள்

வாசலுக்கும் ஓட்டுக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் அதிகம் அளந்து பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே வீட்டுக்கு முன்னால் புல்வெளி, அதில் குத்தி வைத்த சிறிய அட்டையில் வேட்பாளர் பெயர். தேர்தல் வந்தாலே இதுதான் காட்சி.

இதற்கான உரிமை அங்கே நீதிமன்றத்தில் உறுதியானது. மிசௌரி மாநிலத்தில் லடூ என்கிற சிறு நகரம். 1990 டிசம்பரில் மார்கரெட் கிலியோ என்ற பெண், வளைகுடாப் போர் வேண்டாம் என்று தன் வீட்டுப் புல்வெளியில் ஒரு பலகை வைத்தார். அது காணாமல் போனது. இன்னொன்று வைத்தார், யாரோ சாய்த்துவிட்டார்கள். புகார் கொடுக்கப் போனால், 'நம் ஊரில் பலகை வைப்பதே விதிப்படி தப்பு' என்று பதில் வந்தது. வழக்குப் போட்டார். 1994இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. சொந்த வீட்டில் நின்று கருத்துச் சொல்வதற்குத் தனி மதிப்பு உண்டு, செலவில்லாமல் சாதாரண மக்கள் பேசக்கூடிய வழி அது என்பது தீர்ப்பின் சாரம்.

சரி, அந்தப் பலகைகளால் ஓட்டு விழுகிறதா? கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர் டொனால்ட் கிரீனும் சக ஆய்வாளர்களும் நான்கு தேர்தல்களில் சில பகுதிகளில் பலகை வைத்தும், சில பகுதிகளில் வைக்காமலும் சோதித்தார்கள். 2016இல் வெளியான முடிவு: சராசரியாக 1.7 சதவீதப் புள்ளி அளவுக்குத்தான் வாக்கு கூடுகிறது. அலை எதுவும் அடிக்கவில்லை. ஆனால், நெருக்கமான போட்டியில் அதுவும் பெரிசுதான்.

இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியம், கொஞ்சம் பயமும்கூட. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் இருந்த 5 கோடி படங்களைக் கணினியைக் கொண்டு அலசி, 200 நகரங்களில் தெருவில் நின்ற 2.2 கோடி கார்களின் வகையைக் கண்டுபிடித்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒரு நகரத்தில் பிக்கப் டிரக்குகளைவிட செடான் கார்கள் அதிகம் இருந்தால், அந்த நகரம் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போட 88 சதவீத வாய்ப்பு. டிரக்குகள் அதிகம் என்றால், குடியரசுக் கட்சிக்கு 82 சதவீத வாய்ப்பு.

இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தக் கணிப்பு *நகரத்தை*ப் பற்றியது. உங்கள் எதிர்வீட்டுக்காரரைப் பற்றியது அல்ல. டிரக் வைத்திருக்கும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் எத்தனையோ பேர். லட்சக்கணக்கான வாசல்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு போக்கு தெரியும். ஒரே ஒரு வாசலைப் பார்த்துச் சொன்னால் அது ஜோசியம்.

ஒரே வாசல், நாலு ஓட்டு

நம் ஊரில் இந்த ஜோசியம் தவறுவதற்கு இன்னொரு முக்கியக் காரணம் இருக்கிறது. வாசல் குடும்பத்துக்குச் சொந்தம். ஓட்டு தனித்தனி ஆளுக்குச் சொந்தம்.

வாசலில் கொடி கட்டுவது பெரும்பாலும் வீட்டு ஆம்பளை. கோலம் போடுவது பெரும்பாலும் பெண்கள். அப்பாவின் கரை வேட்டி வெளியே காய்கிறது. அம்மா யாருக்குப் போடுவார் என்பது அப்பாவுக்கே தெரியாது. 'அவரு சொல்றதுக்கே தலையாட்டிட்டு, உள்ள போய் என் இஷ்டத்துக்கு அமுக்கிட்டு வந்துடுவேன்' என்று சிரிப்பவர்கள் இல்லாத தெரு உண்டா? மகனுக்கு ஒரு கட்சி, வேலைக்குப் போகும் மகளுக்கு ஒரு கட்சி. மாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வாசலில் எந்த அதிகாரமும் கிடையாது. அவர்கள் ஓட்டு மட்டும் அதே முகவரியில் இருக்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பு வந்த பிறகு பலருக்கு வாசலே இல்லை. கதவுக்கு வெளியே மூன்றடி காரிடார். கோலம் ஸ்டிக்கர் ஆகிவிட்டது. அரசியல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குக் குடிபோய்விட்டது.

உங்களைவிட உங்கள் பூத் அதிகம் பேசும்

'அப்போ கட்சிக்காரர்களுக்கு எங்க தெரு நிலவரம் எப்படித் தெரியுது?' என்று கேட்கலாம். அதற்கு வாசல் தேவையே இல்லை.

வாக்குச்சீட்டு இருந்த காலத்தில், பல வாக்குச்சாவடிகளின் சீட்டுகளைக் கலந்துவிட்டு எண்ணுவதற்குத் தேர்தல் விதிகளில் வழி இருந்தது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று தெரியக்கூடாது என்பதுதான் நோக்கம். மின்னணு இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சாவடியின் எண்ணிக்கையும் தனித்தனியாகத் தெரிகிறது. ஒரு சாவடிக்கு 1,500 பேர் வரை என்றிருந்த வரம்பை 2025இல் தேர்தல் ஆணையம் 1,200 ஆகக் குறைத்தது. அதாவது, நாலைந்து தெருக்களின் மொத்த மனநிலை எண்ணாக வெளியே வந்துவிடுகிறது.

இதைச் சரிசெய்ய, பல இயந்திரங்களின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டிச் சொல்லும் 'டோட்டலைசர்' கருவியைப் பயன்படுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் 2008இல் யோசனை சொன்னது. 2015இல் சட்ட ஆணையமும் தன் 255ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை.

இதில் என்ன பிரச்சினை என்கிறீர்களா? 'அந்தத் தெரு நமக்குப் போடலை' என்பது எண்ணாகத் தெரிந்துவிட்டால், அந்தத் தெருவுக்கு ரோடு எப்போது வரும், தண்ணீர் லாரி எப்போது வரும் என்கிற கேள்வி வந்துவிடும். அந்த இடத்தில் வாசல் அடையாளங்களும் சேர்ந்தால், எண்ணுக்கு முகம் கிடைத்துவிடும். இந்த வாசல்காரர்தான் என்று கை காட்ட முடியும். அந்தக் கை தவறான வீட்டைக் காட்டினாலும், கஷ்டம் அந்த வீட்டுக்குத்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* உங்கள் ஓட்டு ரகசியம். யாருக்குப் போட்டீர்கள் என்று சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 94ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. வாக்கின் ரகசியத்தைக் காக்க வேண்டிய தேர்தல் அலுவலர்கள், முகவர்கள் அதை மீறினால் 128ஆவது பிரிவின்படி தண்டனை உண்டு.
* உங்களைக் கேட்காமல் சுவரில் எழுதினாலோ, கேட்டில் கொடி கட்டினாலோ, தேர்தல் காலத்தில் 'சி-விஜில்' செயலியில் படம் எடுத்துப் புகார் செய்யலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் இலக்கு. 1950 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.
* நீங்களே விரும்பிக் கொடி கட்டுகிறீர்களா? தாராளமாகக் கட்டுங்கள். ஆனால், வீட்டில் மற்றவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டுங்கள். வாசல் எல்லாருக்கும் பொது.
* பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்து முடிவுக்கு வரும் முன், உங்கள் வாசலில் இருப்பதில் எத்தனை நீங்கள் வைத்தது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

முடிவாக...

வாசல் பொய் சொல்வதில்லை. ஆனால், முழுசாகவும் சொல்வதில்லை. தெருவுக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு வீடு நினைப்பது, தெருவுக்குப் பயந்து ஒரு வீடு செய்வது, தெருவிலிருந்து யாரோ வந்து வைத்துவிட்டுப் போனது மூன்றும் அங்கே ஒன்றாகக் கிடக்கின்றன. பார்க்கிறவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நாளைக்குக் காலையில் எதிர்வீட்டில் தாமரைக் கோலம் பார்த்தால், முதலில் இன்றைக்கு வெள்ளிக்கிழமையா என்று காலண்டரைப் பாருங்கள்.